லிவியாதானும் அண்ணரின் திதியும்

‘1994 ஏப்ரல். அண்ணர் கிளாலிக்குப் படகேறப் போனார் என்று கேள்வி. கிழமை தெரியாது. அக்கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை.’ என் நாட்குறிப்பில் கிழமை போடாத பதிவு இது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது கிளாலிக் கடல்நீரேரிதான் வழி. சனம் இருட்டில் படகேறும். இடையில் கடற்படை சுடும்.

மறு வருடம், நான் இருக்கும் டொரோண்டோவிலேயே மோர்னிங்சைட்டிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். “ஐயரிட்டைக் கேட்டனான். நாள் தெரியாட்டில் அமாவாசையிலை காரியம் செய்யலாமாம். எந்த அமாவாசை எண்டு நீ சொல்லு. பஞ்சாங்கம் உன்னட்டைத்தானே கிடக்கு.”

எங்கள் குடும்பத்தில் திவசங்களுக்கு நாள் சொல்வது நான். ஊர் நேரமும் டொரோண்டோ நேரமும் வேறு என்பதால் திதி சிலவேளை ஒரு நாள் முன்னே விழும். அதைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆனால் இம்முறை பஞ்சாங்கத்தைத் திறக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நூலகத்தில் போய் இருந்துவிடுவேன். அந்த நாட்களில் நான் வாசித்தது யூதர்களின் பழைய ஞான எழுத்துகளை.

அவற்றில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த ஒரு மனிதனின் கதை உண்டு. அவன் எந்த அரசன் காலத்தவன் என்று கதையில் இல்லை. எழுதப்பட்ட நூற்றாண்டு பற்றி அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. எனக்கு ஏன் இது நடந்தது என்று அவன் கேட்கிறான். கடவுளோ அவனுக்கு மிருகங்களைக் காட்டுகிறார். மாடுபோலப் புல் மேயும் பேருடலான பெகேமோத். தூண்டிலுக்கு அகப்படாத, நெருப்புக் கக்கும் கடல்மிருகம் லிவியாதான்.

அண்ணருக்கு முன்பே கனடா வந்துவிட்டவர் அண்ணி. ஒரு ஞாயிறு மத்தியானம் அஜின்கோர்ட்டில் அவரின் அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கேட்டதைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

“கையிலை உது என்ன புத்தகம்?”

சொன்னேன். பிற்காலத்து ஞானிகள் சேர்த்த கதையையும் சொன்னேன்: லிவியாதான் இனம் பெருகினால் உலகம் தாங்காது என்று கடவுள் பெண் லிவியாதானைக் கொன்று, கடைசிக் காலத்தில் நல்லவர்களுக்கு விருந்து வைக்க உப்புப் போட்டு வைத்தாராம்.

“அப்ப கருவாடு எண்டு சொல்லுங்கோ,” என்று அண்ணி சிரித்தார். “நாங்கள் சைவம். அங்கையும் எங்களுக்குச் சாப்பாடு இல்லை.”

பிறகு, “அந்த மனுசனுக்குப் பிள்ளையள் செத்தது எப்பிடித் தெரியும்?” என்றார்.

“ஒவ்வொரு அழிவிலையும் ஒரு ஆள் தப்பி வந்து சொல்லுறான்.”

“எனக்கு ஆர் வந்து சொன்னது?”

அண்ணி இன்னொரு பயத்தங்காயை எடுத்து முறித்தார்.

“நீங்கள் ஒரு நாளைச் சொன்னியள் எண்டால் அண்டைக்கு அவர் செத்துப்போவார், தம்பி. பொட்டை நான் அழிக்கிறன், ஆனால் அதுக்கு முதல் ஒருத்தன் வந்து கண்டனான் எண்டு சொல்லட்டும்.”

அப்படி ஒருவனை ஆறு மாதம் தேடினேன். கடைசியில் அகப்பட்டவர் மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்தவர். அந்த மாதம் கிளாலியில் படகுக்காகக் காத்து நின்றவர். போனில் சொன்னார்: “எனக்கு முன்னுக்குப் போன படகு திரும்பேல்லை, அண்ணை. அதிலை, வாத்தியார் எண்டு ஆரோ கூப்பிட்ட ஒராள் ஏறினவர். இருட்டு, முகம் தெரியேல்லை. குரல் மட்டும் கேட்டது.”

அண்ணரும் வாத்தியார்தான். அந்த மாதம் அவ்வழியால் போன வாத்திமார் எத்தனை பேரோ.

சித்தப்பாவுக்கு, “நாள் இல்லை,” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். காரியம் நடக்கவில்லை. மிசிசாகாக்காரர் சொன்னதை அண்ணிக்கு நான் சொல்லவில்லை. அந்தக் குரல் யாருடையது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.