பார்க்கிங் கேட்கப் போய் அப்பா வந்த கதை: ஈப்போவில் ஓர் அமைதியான மதுக்கூடம்

சென்ற சனிக்கிழமை நான் ஈப்போவுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி குகனை ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அரசாங்க வேலையை உதறிவிட்டு, கோப்பெங்கில் சுற்றுலாப் பயணிகளைக் காற்றடைத்த படகில் ஏற்றி ஆற்றில் விடும் தொழிலுக்குப் போனான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவனும் தைப்பிங் வீட்டுப் பக்கமே வருவதில்லை. அப்பாவுக்குப் புதன்கிழமை இருதய அறுவை சிகிச்சை. அதற்குள் அவனை வீட்டுக்கு வர வைத்துவிட வேண்டும். இதுதான் என் பயணத்திட்டம்.

எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் காலெடுத்து வைக்காத இடமாக யோசித்ததில் மதுக்கூடம்தான் தோன்றியது. பள்ளி ஆசிரியையான என் புத்தி அப்படி வேலை செய்தது. அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை மதுக்கூடங்கள் நிறைந்த அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பயந்து, கடையின் பெயரையும் நேரத்தையும் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டேன். நாற்பத்தொரு பதில்கள் வந்தன. ஒன்று சொன்ன இடத்தை இன்னொன்று சொல்லவில்லை. நான் ஏன் மதுக்கூடத்துக்குப் போகிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நம்மவர்களுக்குப் பார்க்கிங்தான் முக்கியம்.

தைப்பிங்கிலிருந்து மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஐந்தே காலுக்கு அந்தத் தெருவில் இருந்தேன். பொழுது சாயவே இல்லை, அதற்குள் கடைக்குக் கடை ஒலிபெருக்கியைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பத்தொன்றில் ஏழு யோசனைகளைப் பின்பற்றி இருபத்தைந்து நிமிடம் சுற்றினேன். கடைசியில் அறுநூறு மீட்டர் தள்ளி, மூன்று ரிங்கிட் கட்டி நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய நடந்தேன்.

இரண்டு இரைச்சல் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய கதவு. உள்ளே எட்டு மேசை, இரண்டு காற்றாடி, முணுமுணுக்கும் வானொலி. அப்பாடா என்றிருந்தது. நடத்துபவர் அந்தோணி அண்ணன். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது குரலை உயர்த்தினால், ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டு அவித்த கச்சானை, அதாவது நிலக்கடலையை, கொண்டுவந்து வைப்பார். கத்தாதே, இதை மெல்லு என்று அர்த்தம். கச்சானுக்குக் காசு கிடையாது.

ஐந்து ஐம்பதுக்குக் குகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சின் முதல் வரியைத் தொடங்கினேன். கதவு திறந்தது. கையில் குடையோடு அப்பா.

"அப்பா! நீங்க எப்படி?"

"நீதானே குரூப்ல கேட்ட. ரயில்ல வந்தேன், ஸ்டேஷன்லேருந்து டாக்சி. பார்க்கிங்கே தேவையில்ல."

"நான் யாரைப் பார்க்க வந்தேன்னு..."

"நீ பாருக்குத் தனியா வர ஆளா?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, எலுமிச்சைச் சாறு கேட்டார். பிறகு இரண்டு வருடத்துக்கு அப்புறம் மகனிடம் முதல் வார்த்தை பேசினார்.

"எந்த ரோட்ல வந்த?"

"பழைய ரோடுப்பா."

"மோட்டாருக்கு ஹைவேல டோல்கூட இல்ல. எவனாச்சும் பழைய ரோட்ல வருவானா?"

"ஹைவேல, சிம்பாங் பூலாய் எக்சிட்ல ஜாம்ப்பா."

"ஜாமெல்லாம் பத்து நிமிஷம்தான்லா!"

முதல் தட்டு கச்சான் வந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருதயம் பற்றியோ, விட்ட வேலை பற்றியோ ஒரு சொல் இல்லை. முக்கால் மணி நேரம் ரோடு, டோல், சிக்னல். மூன்று தட்டு கச்சான் காலி. என் பேச்சு வாயிலேயே காய்ந்துபோனது.

எழுந்திருக்கும்போதுதான் அப்பா வேறு பேச்சு எடுத்தார்.

"படகு கவுந்தா?"

"கயிறு இருக்குப்பா. இழுத்துருவோம்."

"லைஃப் ஜாக்கெட்டு?"

"எப்பவும் போட்டிருப்பேன்ப்பா."

அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். குகனைக் காசு கட்ட விட்டுவிட்டு, நானும் எரிச்சலோடு பின்னாலேயே போனேன். காருக்குப் பாதி தூரம் போனபின்தான் கவனித்தேன், அவர் கையில் குடை இல்லை. தைப்பிங்காரர், அந்த மழை ஊரில் எழுபது வருடம் வாழ்ந்தவர், குடையை விட்டுவிட்டு வருவதாவது! எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன்.

"வேணாம். அவன் எடுத்துட்டு வரட்டும்," என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கடை மாலை ஐந்துக்குத் திறக்கும். ஏழரைக்குப் பிறகு பக்கத்துக் கடைகளின் சத்தம் சுவரைத் தாண்டி வரும், அதற்குள் கிளம்பிவிடுங்கள். பீர் பதினெட்டு ரிங்கிட், எலுமிச்சைச் சாறு ஆறு. தைப்பிங்கிலிருந்து ரயிலே நல்லது, அப்பா சொன்னது சரி. இதை ஒப்புக்கொள்வது எனக்குக் கடுப்பாகத்தான் இருக்கிறது. குடும்பக் குழுவில் மட்டும் எதையும் கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை பதினொன்றுக்குக் குகன் மோட்டாரில் வந்தான். கோப்பெங்கிலிருந்து தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், பழைய ரோட்டில்தான். தைப்பிங் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். பின்னால் கயிற்றால் கட்டிய குடை, மடித்தது மடித்தபடி.

அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"கையில குடைய வச்சிக்கிட்டு நனைஞ்சிட்டு வாரான் பாரு," என்றார் என்னிடம். பிறகு அவனிடம், "உள்ள வா."