கார் பெல்ட்டில் செய்த தளைநார்

டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங் வீட்டுக் கராஜில், பனிக்கால டயர்களுக்கு மேலே ஓர் ஆணியில் கறுப்புப் பட்டி ஒன்று வளையமாகத் தொங்குகிறது. பழைய காரின் சீட் பெல்ட் அது. இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மீன்வலை நூலால் நெருக்கமாகத் தைத்திருக்கும். போன மாதம் கராஜை ஒதுக்க வந்த என் மகள் அதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பயந்து திரும்ப எடுத்தாள். இது என்ன என்று டேனிஷில் கேட்டாள். தளைநார் என்றேன், மரம் ஏறுகிறவர்கள் இரண்டு பாதங்களையும் கோத்துக்கொள்கிற வளையம். யாருடையது என்று கேட்டபோது, அது பெரிய கதை என்று சொல்லிக் கழன்றுகொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் கழன்றுகொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், அகதிகளாக வந்த நாங்கள் மூன்று பேர் இங்கே ஒரே வீட்டில் இருந்தோம். நான், ஊரில் படிப்பித்துவிட்டு வந்த மாஸ்ரர், மற்றவர் அண்ணை. அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வீட்டில் சமையல் அவர்தான். சாவகச்சேரியில் சின்னக் கடை வைத்திருந்ததாகச் சொல்லியிருந்தார். அவருடைய மனைவியும் ஐந்து வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். என் மனைவியும் அங்கேதான். குடும்பத்தைக் கூப்பிட எல்லோரும் விண்ணப்பம் போட்டிருந்தோம். சட்டப்படி அவர்கள் வரலாம். ஆனால் எப்போது போய்க் கேட்டாலும், கோப்பு கோபன்ஹேகனில் இருக்கிறது, பொறுங்கள் என்றார்கள். அங்கே எங்கள் ஆட்களின் கோப்புகளை வேண்டுமென்றே தூக்கி ஒரு பக்கம் வைத்திருந்தார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பிழை எங்கள் கடதாசிகளில்தான் என்று நம்பி, புதிது புதிதாகப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பித்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அண்ணை மட்டும் ஆயத்தமாக இருந்தார். “பெட்டி கட்டின படி இருக்கு தம்பி. அனுமதி வந்த அண்டைக்கு நான் தந்தி அடிச்சால் காணும், ரண்டாம் நாள் விடியக் கொழும்புக்கு வெளிக்கிடுவினம்,” என்பார். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

அந்தக் குளிர்காலத்தில் கொமூன், அதாவது நகரசபை, அண்ணையையும் என்னையும் நகருக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பியது. அங்கே சூடேற்றிய கண்ணாடி மண்டபம் ஒன்று இருந்தது. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே வியர்க்கும். நடுவில் விசிறி ஓலையோடு நெடிய மரம் ஒன்று, நம் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. காய்ந்த ஓலைகள் கூரைக் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தன. ஏணி எட்டாது, தூக்கி இயந்திரம் வாசலுக்குள் நுழையாது. தோட்டத்து ஃபோர்மன் இரும்பு முள் வைத்த சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறத் தொடங்கினார். மூன்று எட்டு வைத்திருப்பார். ஒரு நாளும் குரல் உயர்த்தாத அண்ணை, “ஐயோ, இறங்கச் சொல்லுங்கோ!” என்று கத்திவிட்டார். “மற்ற மரங்களுக்குக் காயம் மூடும் தம்பி. இந்தச் சாதி மரத்துக்கு மூடாது. நூறு வருசம் போனாலும் ஓட்டை ஓட்டையாத்தான் நிக்கும். சொல்லுங்கோ அவருக்கு.” நான் அரைகுறை டேனிஷில் சொன்னேன். நீ ஏறுவாயா என்று ஃபோர்மன் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஓம் என்றார்.

மறுநாள் அந்த வளையத்தோடு வந்தார். பழைய கார் உடைக்கிற இடத்தில் பெல்ட் வாங்கி, இரவோடிரவாகத் தைத்திருக்கிறார். சப்பாத்தைக் கழற்றிக் காலைக் கழுவினார். இடுப்புக் கயிறு மரத்தை உராயாமல் இருக்க அதற்குச் சாக்குத் துணி சுற்றினார். பாதங்களைப் பெல்ட்டில் கோத்து, மரத்தைக் கட்டிப்பிடித்து, உடம்பைச் சுருக்கி நிமிர்த்தி அவர் போன போக்கை இன்றைக்கும் கண்ணை மூடினால் காணலாம். உச்சியில் முழுக்கப் பழுத்துக் காய்ந்த ஓலையை மட்டும் வெட்டினார், பச்சையைத் தொடவில்லை. மட்டையை மரத்தோடு ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விட்டார். அது அசிங்கமாக இருக்கிறது, இழுத்து எடு என்று கீழேயிருந்து ஃபோர்மன் சொன்னதை நான் மேலே கத்தினேன். “இழுத்தால் தோலோடை வரும். காயட்டும், தானாய்க் கழரும்,” என்று பதில் வந்தது. மத்தியானத்துக்கு முன் இறங்கிவிட்டார். மரத்தில் அவர் ஏறிய அடையாளம் ஒன்றும் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஃபோர்மனின் முள் போட்ட ஆறு ஓட்டைகள் மட்டும் அடியில் இருந்தன.

ஃபோர்மன் இரண்டு தரம் படம் எடுத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். அண்ணையின் முகம் செத்துவிட்டது. “படம் பேப்பரிலை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ தம்பி. உங்களைக் கும்பிட்டன்,” என்றார். நான் ஃபோர்மனிடம் சொன்னது வேறு: இவருக்குச் சந்தோஷம், போடுங்கள். நல்ல வேலையாள் என்று பத்திரிகையில் வந்தால் கோப்பு அசையும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஊரில் சமாதான நீதவானின் கடிதத்துக்கும் தெரிந்த ஆளின் சிபாரிசுக்கும் பழகிய மூளை அது. இரண்டாவது படத்தில் மரத்தடியில் நானும் நின்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படம் வந்தது. மாஸ்ரர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். “கடை வைச்சிருந்தவராம்! உந்த ஏறுகை ஒரு நாளிலை படிக்கிறதே? மரமேறுகிற ஆக்கள். இவ்வளவு நாளும் உவன்ரை கையாலை சோறு திண்டிருக்கிறம்,” என்றார். நான் பத்திரிகையை மடித்து ஒரு பக்கம் வைத்தேன். ஊரில் எங்கள் வளவுக்குக் கள்ளுச் சீவ வந்தவர்களுக்குப் படலைக்கு வெளியே சிரட்டையில் தண்ணீர் வார்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடுத்த நாள் பின்னேரம் மாஸ்ரர் தேத்தண்ணி ஊற்றினார். எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். அண்ணையின் முன்னால் கழுவிய யோகட் டப்பா ஒன்று. ஹேர்னிங்கில் சிரட்டைக்கு எங்கே போவது? அண்ணை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மிச்சம் வைக்காமல் குடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கிழமையே கோல்டிங்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததென்று போய்விட்டார். வளையம் அவருடைய கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எடுத்து என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

மேலே என்ன நடந்ததோ, ஒருவழியாகக் கோப்புகள் அசையத் தொடங்கின. ஒரு திங்கட்கிழமை அண்ணையின் பெயருக்கு, எங்கள் விலாசத்துக்கு, அலுவலகக் கடிதம் வந்தது. உறையைத் தடவியே அது குடும்பத்துக்கான அனுமதி என்று அறிந்துகொண்டேன். அதற்கு முந்தின கிழமை எனக்கும் அதே தடிப்பில் ஒன்று வந்திருந்தது. அண்ணை இருந்த வீட்டின் விலாசம் எனக்குத் தெரியும். கோல்டிங் அப்படி ஒன்றும் தூரமில்லை. காலையில் ரயில் ஏறினால் பின்னேரத்துக்குள் திரும்பிவிடலாம். ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாளைக்கு, நாளைக்கு என்று கடிதத்தை லாச்சிக்குள் வளையத்தின் மேல் வைத்தேன். தபாலில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பழைய கணக்குத் தீரும் என்று ஒரு கள்ள ஆசை. ஒன்பதாம் நாள்தான் போனேன்.

கதவைத் திறந்தவர், “வாங்கோ நயினார்,” என்றார். ஊரில் அவருடைய ஆட்கள் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிற சொல் அது. அதுவரை அவருக்கு நான் தம்பி. கடிதத்தைக் கொடுத்தேன். டேனிஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் தபால் முத்திரைத் திகதி அவருக்கு விளங்கியது. அதில் ஒரு நிமிடம் விரலை வைத்திருந்தார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே கண்ணாடிக் கிளாஸில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அன்றே தந்தி அடித்தார்.

தந்திக்குப் பதிலாக வேறு செய்தி வந்தது. கடிதம் என் கைக்கு வந்த ஏழாம் நாள், அவர்கள் இருந்த வீட்டின்மேல் ஷெல் விழுந்திருந்தது. தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில். கட்டிய பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையாம். செத்த வீடு விசாரிக்கப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார், “இருங்கோ,” என்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

என் மனைவி வந்து சேர்ந்தாள். கோப்புகளைத் தூக்கி வைத்தது வெளியே தெரிந்து, நாடே அதைப் பற்றிப் பேசி, நீதிபதி வைத்து விசாரித்து, கடைசியில் அரசாங்கமே விழுந்தது. நம் ஆட்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கை தட்டினார்கள். மாஸ்ரர் நியாயத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். அரசாங்கத்தார் கோப்புகளை வருடக் கணக்கில் வைத்திருந்தார்கள். நான் வைத்திருந்தது ஒன்பது நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என்னை விசாரிக்க ஒருவரும் வரவில்லை.

கராஜ் ஒதுக்கிய அன்று, சாப்பிட்ட பிறகு, மகள் விடவில்லை. இவ்வளவையும் சொன்னேன். வளையத்தை மடியில் வைத்துத் தையலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள், அல்லது, அந்தக் காலம் அப்படி, விடுங்கள் அப்பா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று டேனிஷில் கேட்டாள்.

“ஓம். கோல்டிங்கிலைதான். தனிய இருக்கிறார்.”

“அப்ப இது ஏன் இன்னும் இங்கை இருக்கு?” என்றாள், இந்தமுறை தமிழில்.

அவள் வளையத்தை என் கையில் தந்துவிட்டு மேலே படுக்கப் போய்விட்டாள். நான் அதைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். இன்றைக்கு ஒரு மாதம். இப்போது என்னிடம் கார் இருக்கிறது. கோல்டிங் ஒரு மணி நேரம்.