முனீர் சந்தேகப்படாத காகிதம்

குரோம்பேட்டை ஏசி மெக்கானிக் முனீருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். தராசுத் தட்டுக்கு அடியிலும் பார்ப்பார். 2004-இல் கத்தாரில் மெக்கானிக் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டைத் தாம்பரம் வரை பின்தொடர்ந்து போய், அவன் வீட்டையே பார்த்து வைத்துக்கொண்டார்.

ஆனால் கைக்கு வந்த விசா அரபியில் இருந்தது. சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிப் பழகிய எழுத்து. சரளமாக வாசித்தார், அர்த்தம்தான் தெரியாது. அந்த எழுத்தில் ஒருவன் பொய் எழுதுவான் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியைக் கட்டினார்.

சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த மனைவியின் தம்பி ஜாகிர் அதை வாங்கிப் படித்தான்.

"இன்னா மச்சான், மீன்பிடி படகுல வேலைன்னு போட்டிருக்கு. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"