பத்து ரூபாய்க்குப் போன பார்

2022 ஜூலை 4: முதல் இதழ், முந்நூறு பிரதி, அச்சுக்கூலி ரூ. 5,400.
2024 ஜனவரி 8: ஏழாம் இதழ், முந்நூறு பிரதி, ரூ. 6,150.
2024 ஏப்ரல் 8: எட்டாம் இதழ், நூறு பிரதி, ரூ. 2,600.
2024 மே: ஆண்டுச் சந்தா வரவு ஒன்று, ரூ. 40.

லைட்ஹவுஸ் குப்பத்து சாமுண்டீஸ்வரி நடத்திய ‘இறால் மீசை’ என்ற காலாண்டிதழின் கணக்கு இது. எழுதுவதும் அவள்தான், பொன்னேரி அச்சகத்துக்கு ஓடுவதும் அவள்தான். காலையில் ஏலத்தில் மீன் எடுத்துத் திருப்பாலைவனம் வரை விற்பாள். கூடை காலியானதும் இதழ்கள் அதில் ஏறும். கவிச்சி அடிக்கும் புத்தகம் என்று கேலி செய்துகொண்டே பெண்கள் வாங்கினார்கள்.

ஏழாம் இதழில், இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுதினாள். கடலிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் சவுக்குத் தோப்பின் நடுவே வந்து நிற்கும் இடத்தில், மீன் கூடும் கடலடிப் பாறையான ‘பார்’மீது அவர் வலை இறக்கியதைப் பெருமையாக விவரித்தாள். அந்த அடையாளத்தை ஒரு படகுக்காரர் இன்னொருவருக்குச் சொல்வதில்லை. ஆனால் கடலுக்குப் போகாத பெண்பிள்ளையிடம் மறைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் சோறு தின்றுகொண்டே சொல்வார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வாரமே பாரின்மேல் ஏகப்பட்ட ஃபைபர் படகுகள் நின்றன. தம்பி பூபதி வெறும் வலையோடு வந்து இதழை அவள் முன் வீசினான்.

“இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? நைனா வாயத் தொறக்காம காப்பாத்துனத பத்து ரூபாய்க்கு வித்துட்டியே!”

“நைனாவப் பத்திதான்டா எழுதுனேன்.”

“அவரு பேர எழுதிக்கோ. என் சோத்த ஏன் எழுதுன?”

மறுநாளே படகோடு வடக்கே மனைவியின் குப்பத்துக்குப் போய்விட்டான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவாள். இது யாருடைய சோறோ என்று அடித்துவிடுவாள். கரைவரை நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். எட்டாம் இதழ் பாதிப் பக்கங்களோடு வந்தது. இதோடு நிறுத்துவதாகக் கடைசிப் பக்கத்தில் அறிவித்து, பூபதிக்கும் ஒன்றைத் தபாலில் போட்டாள்.

தபால்காரர் சாம்சனின் சைக்கிள் தெரிந்தால் தெருமுனைக்கே ஓடுவாள்.

“இன்னாம்மா, லாட்டரி கீட்டரி வாங்கிருக்கியா?”

வந்தவை எல்லாம் வாசகர்களின் பாராட்டுகள். பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். கடைசியாக வந்த உறையில் இரண்டு இருபது ரூபாய் நோட்டுகள் இருந்தன.

‘ஆசிரியருக்கு. பாரில் இப்போது ஒன்றுமில்லை, எல்லாரும் அள்ளிவிட்டார்கள். நான் வேறு இடம் பிடித்திருக்கிறேன். சோற்றுக்கு வரும்போது சொல்கிறேன். அதை எழுதாதே, மற்றதை எழுது. சந்தா இத்துடன். பூபதி.’

நடந்துகொண்டே படித்தவள் பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். காலில் செருப்பு இல்லை.

கடிதம் வந்த நாள்: 2024 மே 14.