இரண்டு கிணறுகளுக்கு நடுவே

என் தம்பி கிழக்குக் கரைக் கடலில், ஓர் எண்ணெய் மேடையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். அதே எண்ணெய் வயலின் அடியிலுள்ள பாறையை நான் கோலாலம்பூர் அலுவலகத்தில் கணினியில் வரைந்துகொண்டிருந்தேன். இப்படி அமைந்தது தற்செயல்தான். அம்மாவுக்கு மட்டும் அதில் தனிப் பெருமை. "அவன் மேல நிக்கிறான், இவ கீழ பாக்குறா" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கியே எங்கள் இருவரையும் ஆளாக்கியவர் அவர்.

என் வேலையை அம்மாவுக்கு விளக்க முயன்றிருக்கிறேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வயல் இருக்கும் இடத்தில் ஓடிய ஆறுகள் விட்டுப்போன மணல்தான் எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கிறது. கிணறு தோண்டிய இடத்தில் பாறை என்னவென்று தெரியும். இரண்டு கிணறுகளுக்கு நடுவே இருப்பதை யாரும் பார்த்ததில்லை. மணல் எவ்வளவு தூரம் தொடரும், எங்கே அறும் என்று புள்ளியியல் கணக்குப் போட்டு, நூற்றுக்கணக்கான படங்களை உருவாக்குவோம். எல்லாப் படங்களும் கிணறுகளில் கண்டதோடு ஒத்துப்போகும். ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

வயலுக்கு வயதாகிவிட்டது. கடைசியாக ஒரு கிணறு தோண்டிப் பார்ப்பது, எண்ணெய் கிடைத்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது, இல்லையென்றால் மூடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்க என் படங்களை வைத்துத்தான் பேசினார்கள். முக்கால்வாசிப் படங்களில் அங்கே மணல் இருந்தது. மீதியில் வெறும் களிப்பாறை. இரண்டையும் கூட்டத்தில் காட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, கோலா சிலாங்கூர் பசாரில் அம்மாவோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி மேடையிலிருந்து அழைத்தான்.

"அக்கா, மணல் வரவே இல்லக்கா. சாம்பல் கலர்ல களிதான் வந்துகிட்டே இருக்கு."

"எவ்வளவு ஆழத்துல?"

"நீங்க சொன்ன ஆழத்தையெல்லாம் தாண்டிட்டாங்க."

அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது திங்கட்கிழமைதான். அதுவரை அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வாங்கிய செனாங்கின் மீனை அன்றே குழம்பு வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

மேடையை மூடினார்கள். தம்பியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு மேடைகளுக்கு எழுதிப் போட்டான். எங்கிருந்தும் பதில் வரவில்லை. கடைசியில் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியில் டிரைவராகச் சேர்ந்தான். எந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போனானோ, அதே தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் இப்போது ஓட்டுகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"களியா இருக்கும்னு உங்க கம்ப்யூட்டர்ல தெரியலியாக்கா?"

"தெரிஞ்சிச்சுடா. காவாசிப் படத்துல களிதான் இருந்திச்சு."

"அப்புறம் ஏன் தோண்டுனாங்க?"

"முக்காவாசியில மணல் இருந்திச்சு லா."

தண்ணீர்க் குழாயைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினான். "அந்தக் காவாசியில நாங்க மாட்டிக்கிட்டோம்" என்றான். குரலில் கோபம் இல்லை.

வயலின் கணக்கை முடிக்கும்போது அந்தப் புதுக் கிணற்றையும் சேர்த்து மறுபடி ஒருமுறை படங்களை உருவாக்கச் சொன்னார்கள். இப்போது எல்லாப் படங்களிலும் அந்த இடத்தில் களிதான் இருந்தது. நான் அதுவரை செய்தவற்றில் உண்மைக்கு மிக அருகில் வந்தவை அவைதாம். யாருக்கும் அவை தேவைப்படவில்லை.

அம்மா இப்போது யாராவது கேட்டால், "மகளுக்கு கோலாலம்பூர்ல ஆபீஸ் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். என்னை சரவாக் கடலில் இருக்கும் வேறொரு வயலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மேடையில் வேலை செய்கிறவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.