நாத்தனார் வாங்கிய இரண்டு நிறக் கல்

என் நாத்தனார் பொத்தான் கடைக்காரர். சட்டைக்குப் பொருந்தாத பொத்தானை நீங்களே கெஞ்சிக் கேட்டாலும் தரமாட்டார். துணியையும் பொத்தானையும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். தனக்கு வந்த வரன்களையும் அப்படித்தான் அனுப்பினார். அவர்கள் யாரும் மறுநாள் வரவில்லை. இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

நான் அவருடைய தம்பி மனைவி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் மடித்து வைத்த துணியை அவர் பிரித்து மறுபடி மடிப்பார். எப்போதுதான் கிளம்புவாரோ என்று நான் ஏங்காத நாளில்லை, ஒளிப்பானேன்.

அவர் கடைக்கு மேல்மாடியில் வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு மாதத்துக்கு முன் நாத்தனாரிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷம் உழைத்தது போதும், கடையை மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நாத்தனார் அதற்குப் பிறகு பிடி கொடுக்கவே இல்லை. மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மோதிரத்துக்குப் பிடித்த கல்லாவது எடுங்கள் என்றார்.

நாத்தனார் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "கல்லோட திரும்பினா கல்யாணம். வெறுங்கையோட திரும்பினா இல்ல. என்னைத் தொணதொணக்கக் கூடாது" என்றார்.

இவருக்கு ஒரு கல் பிடிப்பதாவது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கல் கடையில் பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தள்ளுபடியாயின. கடைசியில் கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். ஒரே கல்லில் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் தேன் மஞ்சள். ஒட்டியதா என்று நாத்தனார் கேட்டார். ஸ்படிக வகை, பெயர் அமெட்ரின், மண்ணுக்குள்ளேயே இரண்டு நிறமாக விளைவது என்றார் அவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் டப்பாவிலிருந்து இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கடைக்காரர் பதறியடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

ஒரு கல்லில் இரண்டு நிறமும் கோடு போட்ட மாதிரி சரிபாதி. இன்னொன்றில் ஊதா முக்கால்வாசி, மஞ்சள் ஒரு மூலையில் சாய்வாக. சரிபாதிதான் உசத்தி, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் என்றார் கடைக்காரர். அப்படிக் கொண்டுவர ஊதாவை நிறையத் தேய்த்துத் தள்ள வேண்டுமாம்.

"தேய்ச்சுத் தள்ளினது என்ன ஆகும்?" என்றார் நாத்தனார்.

"தூள்தாம்மா. குப்பைக்குப் போயிடும்."

நாத்தனார் சரிபாதிக் கல்லை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். படியில் நின்றபடியே வாட்ச்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"கடைய மூட மாட்டேன். ஒரு மூலை தரேன். உங்க மேஜைய அங்க போட்டுக்கோங்க. சம்மதமா?"

அவர் மெதுவாக, "அந்த மூலையில வெளிச்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

"வாசப்பக்க மூலையத்தான் சொல்றேன்."

அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் போடக்கூட என்னை அவர் விட்டதில்லை.

"அப்ப நாளைக்கே மேஜைய இறக்கிடறேன்" என்றார் வாட்ச்காரர்.

சாய்ந்த கல்லைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நாத்தனார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள், இனி நான் மடித்த துணியைப் பிரித்து மடிக்க வீட்டில் ஆள் இருக்காதே என்று தோன்றிவிட்டது.

"அண்ணி, ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கே வந்துடுங்களேன்" என்றேன்.