பெப்ரவரியிலிருந்து கேட்ட சத்தம்

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருடம் இருக்கும். லண்டனில் ஒரு ஜெர்மன் கார் கம்பனி அலுவலகத்தில் நான் டிரைவர். கார் கழுவத்தான் சேர்ந்தேன். இருந்த டிரைவர் இடுப்பு ஒப்பரேஷன் என்று நின்றதும் சாவியை என்னிடம் தந்தார்கள். பிரிட்டன் முழுவதற்கும் தலைவராக ஜெர்மனியிலிருந்து வந்தவரை ஏற்றி இறக்குவது வேலை. எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. ஆங்கிலம் அதற்கு முன் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனில் பழகியது. அவருடைய ஆங்கிலமும் வயது போன பிறகு பழகியதுதான். அதனால் எங்களுக்குள் பேச்சு சுலபம்.

அவர் பின் சீட்டில் ஏற மாட்டார். முன்னால், எனக்குப் பக்கத்தில்தான். பின்னால் இருந்தால் கார் பேசுவது கேட்காது என்பார். போகிற வழியில் தன் கதையைச் சொல்வார். தகப்பன் பேக்கரியில் மாப் பிசைந்தவர். இவர் பதினைந்து வயதில் தொழிற்சாலையில் வேலை பழகப் போனாராம். முதல் சில மாதங்கள் ஒரே ஒரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்தாராம், நாலு பக்கமும் சமமாக வரும்வரை. பிறகு கார்களுக்குக் கதவு பொருத்திப் பூட்டுகிற பகுதி. வேலை முடிந்து பின்னேரத்தில் படிப்பு. பிறகு பிரேசில், ஸ்பெயின், இப்போது லண்டன்.

"இன்னும் ஒரு கதிரைதான் மிச்சம்" என்றார் ஒருநாள். தலைமையகத்தின் மேல் மாடியில், முழுக் கம்பனிக்கும் தலைவர் உட்காருகிற கதிரை. புது மொடல் காரை இங்கே நல்லபடி விற்றுக் காட்டினால் அது அவருக்கு.

அந்த மொடலில் ஒன்று, கடைகளுக்கு வருவதற்கு முன்பே எங்களிடம் வந்தது. இங்கே ஸ்டியரிங் வலது பக்கம். ஜெர்மனியில் இடது பக்கம். அங்கே சோதித்தவர்கள் இடது பக்கக் காரைத்தான் அதிகம் ஓட்டியிருந்தார்கள்.

"அவர்கள் அனுப்பிய காகிதத்தில் எல்லாம் சரி" என்றார். "எனக்குக் காகிதம் போதாது. ஸ்டியரிங் உம்முடைய கையில் இருக்கிறது. கைக்கு என்ன தெரிகிறதோ, அதை எனக்குச் சொல்லும்."

கிழமைக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டும். பிழை உண்டா, எங்கே, எப்போது. ஓட்டம் ஏறட்டும் என்று சனி ஞாயிறும் காரை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார்.

பெப்ரவரியில் ஒரு குளிர்ச் சனிக்கிழமை, மனைவியுடன், எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற டூட்டிங்குக்குப் போனேன். ஒரு மரக்கறிக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, நெருக்கி நின்ற கார்களுக்கு நடுவிலிருந்து எடுப்பதற்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். அடியில் ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒரு கணம் இறுகிப் பிறகு விட்டது.

"என்னப்பா அது, பாக்கு வெட்டின மாதிரி?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையோ? இவ்வளவு விலைக் காருக்குப் பாக்குவெட்டியும் சேத்தே குடுக்கிறாங்கள்?"

"பேசாமல் இரும்."

"உங்கட ஜெர்மன்காரரிட்டைச் சொல்லுங்கோ. அந்த மனுசன் கேக்கிறது அதைத்தானே?"

"பெற்றோல் ஸ்டேஷனிலையும் சொன்னன்தானே. என்ன நடந்தது?"

பெற்றோல் ஸ்டேஷனில் ஒரு பம்ப் ஒழுகுகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அடுத்த கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. இப்போது எங்கள் விசாக் கோப்பு குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விடுவதற்கு வேலை இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த ஜெர்மன்காரர். இவருடைய புதுக் காரில் பிழை என்று இவரிடமே போய்ச் சொல்வதா? என் புத்தி அப்படித்தான் போனது.

திங்கட்கிழமை ஏறியதும் கேட்டார்.

"எப்படி?"

"நோ ப்ராப்ளம் சேர்."

தாளை மனைவிதான் நிரப்புவாள். அவளுடைய எழுத்து வடிவு, என்னுடையது கிறுக்கல்.

"என்ன போட?"

"ஓகே எண்டு போடும்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"ஓகே எண்டு போடும் எண்டு சொன்னன்."

போட்டாள். ஒவ்வொரு கிழமையும் போட்டாள்.

அதோடு நின்றிருந்தால் வாயால் செய்த பிழை மட்டும்தான். நான் அந்தச் சத்தத்தை வர விடாமல் ஓட்டப் பழகினேன். கார் குளிர்ந்திருக்கும்போது முழுக்க ஒடித்தால்தான் அது வரும். அவர் வருவதற்கு முன் காரைச் சூடாக்கி வைப்பேன். திருப்பங்களை அகலமாக எடுப்பேன். இடுக்கான இடத்தில் கொஞ்சம் ஒடித்து, பின்னால் வந்து, மறுபடி கொஞ்சம் ஒடிப்பேன். அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தபடி இருப்பார்.

"நல்ல கார்" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

ஏப்ரலில் கடிதம் கேட்டேன். அன்றைக்கே தந்தார். செயலாளர் அடித்ததற்குக் கீழே தன் கையால் ஒரு வரி கூட்டியிருந்தார். நம்பத்தக்க மனிதன் என்று. கடிதம் கைக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று அப்போது வேறு பயம்.

கோடையில் கார் கடைகளுக்கு வந்தது. நன்றாக விற்றது. குளிர் தொடங்க முறைப்பாடுகள் வந்தன. ஒரு ஆசிரியை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, ஸ்டியரிங் இறுகித் தன் வீட்டு வாசலிலேயே மதிலில் மோதினார். மணிக்கட்டு முறிந்தது. விற்ற கார்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டார்கள். இந்த நாட்டில் விற்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். மேல் மாடிக் கதிரை வேறொருவருக்குப் போனது. அவரை ஜெர்மனியில் ஏதோ ஒரு சிறு ஊருக்கு, உதிரிப்பாகங்கள் அடுக்கி வைக்கும் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக மாற்றினார்கள்.

ஹீத்ரோவுக்கு நான்தான் கொண்டுபோனேன். அன்றும் முன்னால்தான் ஏறினார்.

"நாங்கள் ஓடிய காரிலும் அது இருந்திருக்கிறது. வேர்க்‌ஷொப்பில் பார்த்துச் சொன்னார்கள்" என்றார். "உமக்குத் தெரியவே இல்லையா?"

"இல்லை சேர்."

அவர் ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளைப் பார்த்தார்.

"உம்முடைய கை அவ்வளவு பதம், அதுதான் அந்தச் சத்தம் வரவே இல்லை. பிழை என்னுடையதுதான். ஒரு குளிர்காலக் காலையில் நானே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆசிரியையிடம் போய் அதைத்தான் சொன்னேன்."

நான் றோட்டைப் பார்த்து ஓட்டினேன். பெட்டிகளை இறக்கி வைத்தேன். கை தந்தார். பிடித்தேன்.

அடுத்த வருடம் எங்களுக்கு விசா நிரந்தரமாகியது. மனைவி கேசரி கிண்டினாள். என் பங்கை அவளிடமே தள்ளி வைத்தேன்.

ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அவரிடமிருந்து கார்ட் வந்தது. ஒரே வரிதான் எழுதுவார். அந்தப் பதமான கை எப்படி இருக்கிறது? மூன்று கார்ட் வந்தது. மூன்றையும் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

"மனுசன் வருசா வருசம் போடுது" என்றாள் மனைவி. "ஒரு பதில் போட உங்களுக்கு ஏலாதோ?"

"என்னத்தை எழுதுறது?"

"உள்ளதை எழுதுங்கோ. சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்."

"வேண்டாம். பேனையைத் தாரும்."

என் கையாலேயே எழுதினேன். எனக்குக் கேட்டது. பெப்ரவரியிலிருந்து கேட்டது. உங்களுக்குக் கேட்காதபடி ஓட்டினேன். இந்த மூன்று வரியை ஆங்கிலத்தில் எழுத ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. மனைவி எழுத்துப் பிழை பார்க்கக் கேட்டாள். கொடுக்கவில்லை. நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அடுத்த கிறிஸ்மசுக்குக் கார்ட் வரவில்லை. அதற்கடுத்த கிறிஸ்மசுக்கும் வரவில்லை. வராதது சரிதான். ஆனாலும் டிசம்பர் பிறந்தால், கதவடியில் தபால் விழுந்ததும் முதலில் எழும்பிப் போகிறவன் நான்தான்.